கண்ணாடி இறங்காத பக்கம்

1

சனிக்கிழமை காலையில் பால் வாங்கப் போன கடையில் அந்தப் பாட்டு வந்தது. தயிர் டப்பாக்கள் அடுக்கியிருந்த குளிர்பெட்டிக்கு மேலே, கூரைக்குள் எங்கோ பதித்து வைத்திருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. முதலில் கைதட்டல், அப்புறம் கிட்டார், அப்புறம் சிரித்துக்கொண்டே பாடுகிற அந்தப் பெண் குரல். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த என் மகள் யாழினி ஒரு வரி பிசகாமல் கூடவே பாடினாள். அவளுக்கு ஆறு வயது. நான் சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பாட்டு எதிலும் மூன்றாவது வரியைத் தாண்ட மாட்டாள்.

“இதை எங்கடி கத்துக்கிட்ட?”

“இட்ஸ் பாண்டி மாமாஸ் சாங், அம்மா. தே டான்ஸ்டு. ரிமெம்பர்?”

“தமிழ்ல சொல்லு.”

“பாண்டி மாமா பாட்டு,” என்றாள், அபராதம் கட்டுகிறவள் போல.

அவள் கேட்ட பிறகுதான் தேதி நினைவுக்கு வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என் தம்பி ராஜபாண்டிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பாலை வண்டியில் வைத்துவிட்டு, பாட்டு முடிகிறவரை தயிர் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பாட்டை நடுவில் விட்டுவிட்டு நகர எனக்கு வராது. ஆனால் கடைகளில் போடுகிற இந்தப் பாட்டே பாதிப் பாட்டுதான். அங்கே நின்றவர்களில் அது தெரிந்தவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில் இர்விங் என்ற ஊர். ஊர் என்று சொன்னால் நீங்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வீர்கள். வரிசை வரிசையாக அபார்ட்மென்ட், நடுவில் ஒரு நீச்சல்குளம், வாசலில் எப்போதும் யாரோ ஒருவருடைய சாமான் லாரி. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். இரண்டு வருஷத்தில் வடக்கே வீடு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் எட்டு வருஷமாக இதே கதவு எண்ணில் இருக்கிறோம். “இந்த காம்ப்ளெக்ஸ்ல நாமதான் பூர்வகுடி,” என்பார் என் கணவர் சரவணன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் ஒருவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. கடைகள், ஹோட்டல்கள், பல் டாக்டரின் காத்திருப்பு அறை, போனில் ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டு நம்மை மறந்துவிடும் ஆபீஸ்கள், இவற்றுக்கெல்லாம் பின்னணியில் ஓடப் பாட்டு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. நான் பாடுவதில்லை, பாட்டைத் தேர்வு செய்வதும் இல்லை. எந்தப் பாட்டை யார் எழுதினார், யார் யார் பாடியிருக்கிறார்கள், எந்த மனநிலைக்குப் பொருந்தும் என்று குறிப்பு எழுதுவேன். ஒரே பாட்டு நான்கு பெயரில் நான்கு இடத்தில் கிடந்தால் கேட்டுப்பார்த்து ஒன்றாகச் சேர்ப்பேன். அம்மாவிடம் ஒருமுறை சுருக்கமாகச் சொன்னேன். “அப்பா கல்யாண வீட்டுக்கு மைக் செட் போட்டாருல்ல, நான் அமெரிக்காவுக்கு மைக் செட் போடுறேன்.”

“அதுக்காகவா இம்புட்டுப் படிச்ச?” என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, கணவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் என்ற ஒரே காரணத்தால், வேலை பார்க்க அனுமதி இல்லாமல் இதே அபார்ட்மென்டில் வருஷக்கணக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்தால் இன்னும் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும். ஆதாரம் அனுப்பினால் கிடைத்தது என்று இன்னொரு கடிதம் வரும். கடைசியில் அட்டை வந்த அன்று எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. தூங்கிவிட்டேன்.

அந்தப் பாட்டு என் மேஜைக்கு வந்தது வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம். பெயர்களை நான் எழுத முடியாது, வேலை ஒப்பந்தம் இடம் கொடுக்காது. ‘கண்ணாடிப் பாட்டு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கிராமத்து கிட்டாரையும் நகரத்து டிரம்ஸையும் கலந்து ஒரு வகைப் பாட்டு உண்டு. பாதிப் பாட்டுகளில் ஒரு ட்ரக் வண்டி வரும், இதிலும் வருகிறது. ட்ரக்கின் வலது பக்கக் கதவுக் கண்ணாடி யார் சுற்றினாலும் இறங்காது. காதலி உட்கார்ந்து கைப்பிடியைச் சற்றே தூக்கிச் சுற்றினால் மட்டும் இறங்கும். அந்தப் பக்கம் உனக்கு மட்டும்தான் திறக்கும் என்பதுதான் பல்லவி. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடும் முதல் ஆட்டத்துக்கு இதைவிட்டால் வேறு பாட்டு இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு வந்த கோப்புகள் நான்கு. முதலாவது, கடையில் கேட்ட பெண் குரல். இரண்டாவது, வார்த்தையே இல்லாமல் பியானோ மட்டும். அதைத்தான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் போனில் காத்திருந்தபோது நான் பலமுறை கேட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது, மதுக்கடைகளில் வாசிக்கும் ஒரு குழு பல வருஷம் முன்பு பாடியது. ஃபிடில் கொஞ்சம் இழுவையாக இருக்கும். அதில் மூன்று சரணம் இருந்தது. கடையில் கேட்கும் பாட்டில் இரண்டுதான்.

நான்காவதுதான் பழையது. பாட்டை எழுதியவரே பாடியது. மேற்கு டெக்சாஸில் தண்ணீர்க் கிணறு துளைக்கிற ட்ரக் ஓட்டியவர் என்று குறிப்பில் இருந்தது. ஒரே ஒரு கிட்டார், பின்னால் மின்விசிறி ஓடுகிற சத்தம். பாடுவதற்கு முன் இரண்டு வாக்கியம் பேசுகிறார். இது என் மனைவிக்கு, அவள் இருந்திருந்தால் வேகமாகப் பாடுகிறாய் என்று திட்டியிருப்பாள் என்கிறார். அப்புறம் மிக மிக மெதுவாகப் பாடுகிறார். மூன்றாவது சரணத்தில் ஆகஸ்ட் மாத வெயில். வண்டியில் அவர் மட்டும். வலது பக்கக் கண்ணாடி மூடியே இருக்கிறது. வியர்த்துக் கொட்டுகிறது. பழுது பார்க்கக் கொடுக்கலாம், ஆனால் கொடுக்கவில்லை. அதே பல்லவி திரும்ப வருகிறது, ஒரு வார்த்தை மாறாமல். அந்தப் பக்கம் உனக்கு மட்டும்தான் திறக்கும்.

அழுகைப் பாட்டாகப் பிறந்தது கல்யாணப் பாட்டாக மாறியதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. ரேடியோவுக்கு நீளம் அதிகம் என்று மூன்றாவது சரணத்தை எடுத்திருக்கிறார்கள். மீதியைக் கொஞ்சம் வேகமாக்கி, ஆண் பாடியதைப் பெண்ணுக்கு மாற்றி, சரணம் இருந்த இடத்தில் கைதட்டலைப் போட்டிருக்கிறார்கள். வெளியூர் போகிற எல்லாரும் செய்கிற காரியம்தான். நானும் பெட்டியில் எடை கூடும் என்று எதை எதையோ வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

மனநிலை என்ற கட்டத்தில் கிணற்றுக்காரரின் பாட்டுக்கு ‘துக்கம்’ என்று குறித்தேன். என் மேலாளர் கெல்லி வந்து பார்த்தார்.

“ராணி, இட்ஸ் எ வெடிங் சாங்.”

“திஸ் ஒன் இஸ் நாட்,” என்றேன்.

“ஒன் சாங், ஒன் மூட்,” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான்குக்கும் ‘காதல், மகிழ்ச்சி’ என்று பதிந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டைச் சூடு பண்ணப் போனேன்.

3

பாட்டை முழுசாகக் கேட்கும் இந்த வியாதி எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

அருப்புக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். அப்பா மைக் செட் வைத்திருந்தார். இரண்டு குழாய் ஸ்பீக்கர், இரண்டு பாக்ஸ், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு தகரப் பெட்டி நிறையக் கேசட். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அட்டைப் படத்தையும் நிறத்தையும் வைத்துக் கேசட்டை அடையாளம் வைத்திருப்பார். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு கல்யாணத்தில் யாரோ பெட்டியைக் குடைந்து கேசட்டுகளை மாற்றிப் போட்டுவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் உட்கார்ந்த நேரத்தில், மனைவியைப் பறிகொடுத்தவன் பாடும் பாட்டு வேப்பமரத்துக் குழாயிலிருந்து ஊருக்கே கேட்டது. கல்யாண வீட்டில் அழுகைப் பாட்டு கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் ஒயரை அறுத்துவிட்டார். அப்பா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பியபடி, சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன், பாவாடையில் பாயசத்தோடு.

மறுநாள் ஒவ்வொரு கேசட்டையும் இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டு நானே பெயர் எழுதி ஒட்ட ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு ஆகும் பாட்டுகள் இருந்தால் பச்சை மை. ஆகாதவை சிவப்பு மை. மூன்றாவதாக ஒரு வகையும் இருந்தது. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, மூங்கிலை உருவி, தென்னங்கீற்றைச் சுருட்டும் நேரத்தில், அப்பா ஒரே ஒரு பாக்ஸை மட்டும் தாழ்வாக வைத்துத் தனக்கென்று சில பாட்டுகள் போடுவார். கல்யாணத்துக்கும் சேராது, சாவுக்கும் சேராது. அவற்றுக்கு என்ன நிறம் என்று தெரியாமல் பென்சிலால் ‘பந்தல் பிரிக்கும்போது’ என்று எழுதினேன். படிப்பு என்று ஒன்று எதற்கு என்று எனக்கு விளங்கியது அந்த வாரம்தான். கணக்கிலும் அறிவியலிலும் அப்புறம் எத்தனையோ மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த மூன்று வார்த்தைகளுக்கு நிகரில்லை என்று எழுதியிருப்பேன், ஆனால் எண்ணிப் பார்த்தால் இரண்டு வார்த்தைதான் வருகிறது.

பாண்டி அப்போது ஒன்றாம் வகுப்பு. ஒயர் சுற்றுவது அவன் வேலை.

4

என் சம்பளத்தில்தான் பாண்டி மேற்படிப்புக்கு இங்கே வந்தான். அதைச் சொல்லிக்காட்ட மாட்டேன் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். வந்த இடத்தில் ராஜ் ஆனான். ஆபீஸில் ராஜ், திவ்யாவுக்கும் ராஜ். திவ்யா இங்கேயே பக்கத்தில் பிளேனோவில் வளர்ந்த பெண், டாக்டருக்குப் பயிற்சியில் இருக்கிறாள். நல்ல பெண், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அவளுடைய அப்பா அம்மா இருவரும் சென்னையிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆன டாக்டர்கள்.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு வர விசா கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் பாண்டி ‘ஒலிக்கருவி வாடகை நிறுவனம்’ என்று நிரப்பியிருந்தான். தூதரகத்தில் கேட்டபோது அப்பா, “எல்லாத்தையும் வித்துட்டேன் சார், சும்மாத்தான் இருக்கேன்,” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டோடு ஒரு தாளும் கையில் கொடுத்தார்கள். ஆக, மாப்பிள்ளை வீடு என்று நிற்க நானும் சரவணனும்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு பெண் வீட்டில் உட்கார்ந்து எல்லாம் பேசினோம். திவ்யாவின் அம்மா ஜெயஸ்ரீ ஆன்ட்டி என் தட்டில் இன்னொரு போளியை வைத்தார்.

“ராணி, நீங்க மியூசிக் கம்பெனிலதானே ஒர்க் பண்றேள்? டிஜேவ நீங்களே ஹேண்டில் பண்ணிடுங்கோளேன்.”

பட்டியலைக் கையில் கொடுத்தார். முதல் ஆட்டம் என்ற இடத்தில் கண்ணாடிப் பாட்டு.

“இது மட்டும் வேண்டாமே,” என்றேன்.

திவ்யா நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் அக்கா? அது எங்க சாங். ராஜ்கிட்ட கார் இல்லாதப்ப நான்தான் டிராப் பண்ணுவேன். எப்ப கார் ஸ்டார்ட் பண்ணாலும் ரேடியோல அதுதான் வரும்.”

சொன்னேன். கிணற்றுக்காரர், அவருடைய மனைவி, ஆகஸ்ட் வெயில், மூன்றாவது சரணம்.

“ஓ,” என்றார் ஆன்ட்டி. “ஆனா அந்த வெர்ஸ் ரேடியோல வரதில்லையே. யாருக்குத் தெரியப் போறது? நாங்க இதெல்லாம் அவ்ளோ பார்க்கறதில்ல ராணி.”

பாண்டி சிரித்தான். அவசரமாகச் சிரிக்கும் சிரிப்பு. “அக்கா சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் ஆன்ட்டி. அப்பா ஆடியோ பிசினஸ்ல இருந்தார்ல, அந்த சென்டிமென்ட்.”

நான் போளியைத் தின்று முடித்தேன். காரில் ஏறி ஃப்ரீவேக்கு வந்தோம். பாண்டி என் பக்கத்து சீட்டில்.

“ஆடியோ பிசினஸா?”

“பின்ன என்னன்னு சொல்றது?”

“மைக் செட்டுன்னு சொல்றது.”

“அவங்களுக்கு அதெல்லாம் புரியாதுக்கா.”

“மெட்ராஸ்ல பொறந்தவங்களுக்கு மைக் செட்டு புரியாதா?”

“புரியும்ல, அதான் பிரச்சனை.” கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். “நீ எதையுமே விடமாட்டியா? ஒரு பாட்டு. மூணு நிமிஷம். அந்த வீட்டுல ஒரு நாளாச்சும் நான் எக்ஸ்பிளைன் பண்ணாம உக்காரணும்க்கா. நம்ம வீட்ல கட்டில் ஏன் இல்ல, அம்மா ஏன் தீப்பெட்டி ஆபீஸ் போனாங்க, அப்பா ஏன் கையெழுத்துப் போட மாட்டாரு… எல்லாத்துக்கும் எக்ஸ்பிளைன் பண்ணியாச்சு. இப்ப பாட்டுக்கும் பண்ணணுமா?”

அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். கூப்பிட்டால் பிஸி என்று செய்தி வரும். கறிக்குழம்பு அவன் பங்கோடு மிஞ்சும். இந்த நாட்டில் எனக்கு என்று கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். யாழினி ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள், அவளை நான் பிடித்து வைக்க முடியாது என்று தெரியும். பாண்டியும் ஒரு போளித் தட்டின் அந்தப் பக்கம் போய்விட்டால் நான் யாரிடம் நம் பேச்சைப் பேசுவது? கோபத்தைவிட அந்தப் பயம்தான் எனக்கு அதிகம் இருந்தது.

அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், எனக்குச் சாதகமாகப் பேசுவார் என்று நம்பி.

“இப்பல்லாம் யாரு தாயி வரியக் கேக்குறா?” என்றார். “டமுக்கு டமுக்குன்னு இருந்தாச் சரி. இங்க சாவு வீட்டுக் கேதத்துக்கே குத்துப்பாட்டுதான் போடுதான். அவன் ஆசப்பட்ட பாட்டப் போடச் சொல்லு.”

ஊர் எப்போதோ விட்டுவிட்ட விதியை நான் கடல் தாண்டிக் கொண்டுவந்து, கதவு எண் மாறாத அபார்ட்மென்டில் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டிஜேவுக்கு எழுதினேன். முதல் ஆட்டம் கண்ணாடிப் பாட்டு, ரேடியோ வடிவம், இரண்டு சரணம்.

5

காலையில் கோயிலில் தாலி, மத்தியானம் விருந்து மண்டபத்தில் வரவேற்பு. எங்களுக்கு மத்தியானம் என்றால் ஊரில் எல்லாரும் படுத்திருப்பார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, தூங்காமல் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் என் போனைச் சொருகி வீடியோவில் அவர்களை வைத்திருந்தேன்.

பாட்டு வந்தது. பாண்டிக்கு ஆடத் தெரியாது. பெரிய உடம்பு, நீளமான கால். திவ்யா அவன் காதில் எண்ணிக்கொண்டே சுற்றினாள். யாரும் வார்த்தையைக் கேட்கவில்லை. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இரண்டாவது சரணம் முடிந்து கைதட்டல் வரும் இடத்தில் கூட்டமும் சேர்ந்து தட்டியது. கிணற்றுக்காரருடைய வெயிலும் வியர்வையும் இருந்த இடம் அது. நானும் தட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் ஜெயஸ்ரீ ஆன்ட்டி மைக்கை வாங்கினார். “ராஜோட பேரண்ட்ஸ் இந்தியாலேர்ந்து லைவ்ல இருக்கா. அவா ரெண்டு வார்த்தை பிளெஸ் பண்ணட்டும்,” என்று சொல்லி என் போனை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி, மைக்கோடு ஒட்டினார். மனப்பூர்வமாகத்தான் செய்தார். பெரிய ஸ்பீக்கர் அவருக்கு நேர் பின்னால் இருந்தது.

“எய்யா பாண்டி…” என்று அப்பா ஆரம்பித்தார். அவ்வளவுதான். மைக் ஸ்பீக்கருக்குக் கிட்டே போனால் வருகிற ஊளை மண்டபம் முழுக்கக் கிளம்பியது. பழகாதவர்களுக்கு அது என்ன என்று சொல்ல முடியாது. இரும்பு அழுவது போல இருக்கும். குழந்தைகள் காதைப் பொத்தின. ஆன்ட்டி பதறிப்போய் மைக்கை இன்னும் ஸ்பீக்கர் பக்கமாகவே நீட்டினார். டிஜே சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றிருந்தான்.

பாண்டி இரண்டே எட்டில் மேடையைத் தாண்டினான். ஒரு கையால் மைக்கை வாங்கித் தரையைப் பார்க்கத் திருப்பினான், மறு கையால் ஸ்பீக்கரைத் தோளோடு தள்ளிக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான், கோட்டு கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. போனையும் வாங்கி ஓரடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, “இப்ப பேசுப்பா,” என்றான்.

ஊளை நின்றது. அப்பாவின் குரல் தெளிவாக வந்தது.

“கை மறக்கலயேடா ஒனக்கு!”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். ஜெயஸ்ரீ ஆன்ட்டி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “எப்டிப்பா டக்குனு தெரிஞ்சுது ராஜ்?” என்று கேட்டார். அவன் கையிலிருந்த மைக் உயிரோடு இருந்தது. அதை அவன் மறந்திருக்கலாம், மறக்காமலும் இருந்திருக்கலாம்.

“எங்கப்பா மைக் செட் போடுறவரு ஆன்ட்டி. நான் ஒயர் சுத்துவேன். அக்காதான் பாட்டுக்கெல்லாம் இன்சார்ஜ்.”

மண்டபத்தின் கடைசி மேஜைவரை கேட்டது. என் பக்கம் திரும்பாமலே சொன்னான். சரவணன் என் முதுகில் கை வைத்தார். நான் யாழினிக்கு வாய் துடைத்துவிட்டேன். அவளுக்கு வாய் அழுக்காக இல்லை.

சாமான் கட்டும் நேரத்தில் பாண்டி டிஜேவுக்கு உதவப் போய், கேபிளை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே அப்பா மாதிரியே சரசரவென்று சுற்றினான். “ப்ரோ, ப்ரோ, அப்டிச் சுத்துனா ஒயர் செத்துரும்,” என்று டிஜேவான அந்தப் பஞ்சாபிப் பையன் ஆங்கிலத்தில் அலறியதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாண்டி திவ்யாவோடு சாப்பிட வந்தான். சில மாதம் நன்றாகப் போனது.

பிறகு அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். விசாவில் இருக்கிறவன் வேலை இல்லாமல் அதிக நாள் உட்கார முடியாது. அலைந்து அலைந்து கிடைத்தது நியூ ஜெர்சியில் ஒரு வேலை. பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மென்ட், ரயில் பிடித்து ஆபீஸ். திவ்யாவுக்கு இங்கே ஆஸ்பத்திரிப் பயிற்சி நடுவில் இருக்கிறது, விட்டுவிட்டுப் போக முடியாது. மனைவி குடிமகள் என்ற முறையில் பாண்டிக்கு கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரங்களைத் திரட்டி வைக்கும்படி வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆதாரம் திரட்டத்தான் வழியிருக்கிறது, சேர்ந்து வாழ இல்லை.

அதனால் மண நாளுக்கு அவன் அங்கே, அவள் இங்கே ஆஸ்பத்திரியில், நான் அடுப்படியில். அவன் இன்னும் எழுந்து பல்கூட விளக்கியிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். எழுந்து வெகுநேரம் ஆன குரல்.

“நேத்து கடையில உன் பாட்டு போட்டாங்க,” என்றேன்.

“அங்கயுமா? இங்க ரயில் ஸ்டேஷன் காப்பிக் கடையில தெனமும் போடுறான்.” கொஞ்சம் நிறுத்தினான். “அக்கா, திவ்யா கார்ல நான் உக்கார்ற சீட்ட இன்னும் முன்னால இழுக்கலையாம். என் காலு நீட்டறதுக்காகக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளி வெச்சிருந்தேன்ல, அப்படியே கெடக்காம். அவ ஃபிரண்டு யாரோ ஏறிட்டு, என்னடி இது, பெட்ரூம் மாதிரி இருக்குன்னாளாம். இருக்கட்டும்னுட்டாளாம்.”

குழம்பு கொதித்தது.

“அந்தப் பாட்டு முழுசும் உன்கிட்ட இருக்குல்ல? அந்த மூணாவது வெர்ஸ்.”

“ஆபீஸ் ஃபைல்டா. அனுப்பக் கூடாது.”

“அனுப்ப வேணாம். போட்டுக் காட்டு.”

அடுப்பை அணைத்தேன். மடிக்கணினியைத் திறந்து கிணற்றுக்காரருடைய கோப்பை எடுத்தேன். போனை அதன் ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்தேன்.

“ரொம்பக் கிட்ட வைக்காதக்கா, ஊளையிடும்,” என்றான்.

“எனக்குத் தெரியாதா? நான்தான் இன்சார்ஜ்.”

தள்ளி வைத்தேன். மின்விசிறிச் சத்தம் வந்தது. அந்த இரண்டு வாக்கியம் வந்தது. அப்புறம் அவர் பாடினார், மெதுவாக, யாருக்கும் ரயிலும் இல்லை ஆபீஸும் இல்லை என்பது போல. யாழினி வந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, ஹீஸ் சிங்கிங் இட் ராங்,” என்றாள். அவளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். மூன்றாவது சரணம் வந்தபோது அந்த முனையில் மூச்சு மட்டும் கேட்டது. பாட்டு முடிந்து, கிட்டாரைக் கீழே வைக்கிற சத்தமும் கேட்டு, அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

“பந்தல் பிரிக்கிற பாட்டுல்லக்கா இது,” என்றான் பாண்டி.

“ஆமா.”

“நீ பென்சில்ல எழுதி வெச்சிருப்பியே.”

“ஆமாடா.”

மூக்கை உறிஞ்சினான். ஏதோ பாத்திரத்தை நகர்த்தினான்.

“இன்னொரு தரம் போடு. இரு, இரு, போட்டுராத. திவ்யாவுக்கு இப்ப பிரேக்கு. அவளையும் லைன்ல சேத்துக்கறேன்.”